ஆலங்கட்டிக்கு நல்ல சாமி

எங்கள் ஊருக்குப் புதுப் பங்குச்சாமி வந்தால் அவருடைய படிப்பை யாரும் கேட்பதில்லை. பிரசங்கம் நீளமா குட்டையா என்றுகூட அப்புறம்தான் கேட்பார்கள். முதல் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "ஆலங்கட்டிக்கு நல்லவரா?"

திராட்சை பழுக்கிற இரண்டு மாதத்தில் கால்மணி நேரம் ஆலங்கட்டி விழுந்தால் போதும், ஒரு வருஷச் சாப்பாடு மண்ணோடு போய்விடும். மேகம் கறுத்து வரும்போது கல்லறைத் தோட்டத்தில் சிலுவையும் கையுமாக நின்று ஜெபம் சொல்லவேண்டும். அதற்கும் மசியவில்லை என்றால் காலில் கிடக்கும் செருப்பைக் கழற்றி மேகத்தின்மேல் எறிந்து விரட்டவேண்டும். நான் சொல்லப்போகிற ருபியோன் சாமிக்கு முன்னால் இருந்தவர் குடிகாரர், பூசையில் பாதி லத்தீனை விழுங்கிவிடுவார். ஆனால் அவர் செருப்பெறிந்தால் மேகம் திரும்பிப் போய்விடும் என்று பேர். அவர் செத்தபோது ஊரே அழுதது.

ருபியோன் சாமி இரண்டு கோவேறு கழுதைகளோடு வந்து இறங்கினார். ஒன்றின்மேல் புத்தகம். மற்றதின்மேலாவது சட்டி பானை இருக்கும் என்று அவிழ்த்துப் பார்த்தேன், அதிலும் புத்தகம். ஒரு கோழிகூட இல்லை. நான் ஒனராத், நாற்பது தாண்டிய விதவை. அதைவிட வயசு குறைந்தவளைச் சாமியார் வீட்டில் சமையலுக்கு வைக்க சாமியார்களுக்கெல்லாம் மேலான மேற்றிராணியார் விடமாட்டார் என்பதால்தான் அந்த வேலை எனக்குக் கிடைத்தது.

"இந்த வீட்டுல என்ன சமைக்கிறது சாமி, புத்தகத்தையா?" என்று கேட்டேன்.

"கொண்டைக்கடலை சூப்பு போதும்மா," என்றார். பதினோரு வருஷம் அதையேதான் சாப்பிட்டார்.

செருப்புத் தைக்கிறவர் மகன் அவர். ஏக்ஸ் பட்டணத்துக் கல்லூரியில் தத்துவம் சொல்லிக்கொடுத்தவர். பெரியவர்கள் இரண்டாயிரம் வருஷமாகச் சொன்னதை அப்படியே சொல்லிக்கொடுக்காமல், உலகத்தில் உள்ளதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத சின்னச்சின்ன மணிகளால் ஆனது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டார். மாவு சலிக்கிற எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. கல்லூரியில் தெரிந்திருக்கிறது. ஒரு காகிதத்தை முன்னால் வைத்து, சொன்னதெல்லாம் தப்பு என்று எழுதியிருக்கிறது, கையெழுத்துப் போடும் என்றார்களாம்.

"போட்டீங்களா?"

"பேனாவை எடுத்துக் குடுத்தாங்க. போட்டுட்டேன்."

இதை என்னிடம் சொல்ல அவருக்கு நாலு வருஷம் ஆயிற்று. சொல்லிவிட்டு வெகுநேரம் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசலில் குதிரைச் சத்தம் கேட்டால் அவர் முகம் வெளுப்பது ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

நல்ல மனுஷன். ஆனால் அவரோடு குடித்தனம் நடத்துவது லேசில்லை. என் சமையல் மேசைமேல் ஆட்டின் கண்ணை அறுத்து, வெளிச்சம் எப்படி உள்ளே போகிறது என்று பார்ப்பார். வெங்காயம் நறுக்கப் போனால் கண் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். குழாய்க் கண்ணாடியை வைத்துக்கொண்டு நிலாவில் மேடு பள்ளம் எண்ணுவார். ஒவ்வொரு நாளும் காற்று எந்தப் பக்கம், மேகம் எந்தப் பக்கம் என்று ஒரு நோட்டில் எழுதுவார். செருப்பு மட்டும் எறியமாட்டார். சிலுவையோடு போய் நின்று ஜெபம் சொல்லிவிட்டு, செருப்புக் காலோடு திரும்பி வந்துவிடுவார். ஊருக்கு அதில் பெரிய குறை. ஆனாலும் கோயில் மணி இருக்கிறதே என்று பொறுத்துக்கொண்டார்கள்.

மணியைப் பற்றிச் சொல்லவேண்டும். அதற்கு ஞானஸ்நானம் கொடுத்து மதலேன் என்று பேர் வைத்திருந்தோம். மேகம் வரும்போது அதை அடித்துக்கொண்டே இருந்தால் ஆலங்கட்டி உடைந்து மழையாகிவிடும் என்பது எங்கள் நம்பிக்கை. அடிக்கிறவன் கோயில்பிள்ளை. அவன்தான் என் தம்பி எல்செயார். கோபுரத்தின் உச்சியில் இடிக்கும் மின்னலுக்கும் நடுவில் நின்று கயிற்றை இழுப்பதற்காக, அறுப்பு முடிந்ததும் ஒவ்வொரு வீடும் அவனுக்கு ஒரு கோதுமைக் கட்டு கொடுக்கும். ஆலங்கட்டி விழுந்த வருஷம் கொடுக்காது, திட்டும். எங்கள் அப்பா அம்மா போனபிறகு அவனை வளர்த்தவள் நான். எனக்குப் பிள்ளையும் இல்லை.

சாமி வந்த எட்டாம் வருஷம், கடுதாசிகள் வர ஆரம்பித்தன. கோவேறு கழுதைக்காரன் வருகிறபோதெல்லாம் இரண்டு மூன்று கொண்டுவந்து போடுவான். சாமி படிப்பார், நோட்டில் எதையோ எழுதுவார், சாப்பிடாமல் எழுந்துவிடுவார். பழைய காகித விவகாரம் மறுபடி கிளம்பிவிட்டதோ என்று நினைத்து, ஒருநாள் சூப்புக் கிண்ணத்தை அவர் கைக்கு எட்டாத தூரத்தில் வைத்துவிட்டு நின்றேன்.

"என்னன்னு சொன்னாத்தான் சாப்பாடு."

அவர் கடுதாசிக் கட்டை என் பக்கம் நகர்த்தினார். "இது எல்லாம் பக்கத்துப் பங்குச்சாமிங்க எழுதினது. உங்க ஊர்ல மணியடிக்கும்போது இடி விழுந்து கோயில்பிள்ளை யாராவது செத்தாங்களான்னு கேட்டு எழுதியிருந்தேன். இருபத்திரண்டு ஊர்லேருந்து பதில் வந்திருக்கு."

"எத்தனை பேரு?"

"இருபது வருஷத்துல பதிமூணு."

அவர் நோட்டை விரித்துக்காட்டினார், எனக்குப் படிக்கத் தெரியாது என்பதையே மறந்து. "இந்தப் பக்கம் நம்ம ஊரு. எட்டு வருஷம். மணியடிச்சும் ஆலங்கட்டி விழுந்திருக்கு, அடிக்கிறதுக்கு முன்னாடியே மேகம் கலைஞ்சும் போயிருக்கு. ஏன்னு எனக்குத் தெரியாது ஒனராத். இடி ஏன் கோபுரத்தைத் தேடிப்போகுதுன்னும் தெரியாது. கணக்கு மட்டும் தெரியும். மணி மேகத்தை ஒண்ணும் பண்ணல, மனுஷனைக் கொல்லுது."

"அப்போ ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல சொல்லுங்க! என் தம்பி மேல நிக்கிறான் சாமி!"

"சொல்றேன். இன்னும் கொஞ்சம் பதில் வரட்டும்."

அந்த 'இன்னும் கொஞ்சம்' மூன்று வருஷம் நீண்டது. ஜெபம் சொல்லி மந்திரித்த மணியைக் குறைசொன்ன சாமியாரை மேலிடம் சும்மா விடாது என்பது எனக்கும் தெரியும். தெரிந்தும் நான் அவரை விடவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் "நாளைக்கா?" என்று கேட்பேன். "அடுத்த வாரம்," என்பார். ஒருமுறை கோபம் தலைக்கேறி, "கோழைன்னா பாவாடை கட்டிக்கிட்டு என்கூட வெங்காயம் உரிக்க வாங்க," என்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. பேசாமல் வந்து உட்கார்ந்து வெங்காயம் உரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

எல்செயாரிடம் நானே சொல்லிப் பார்த்தேன். அவன் சிரித்தான். "அக்கா, மதலேனை எனக்கு இருபது வருஷமாத் தெரியும். சாமிக்குப் படிச்சுப் படிச்சு மூளை வறண்டுபோச்சு. நான் ஏறலேன்னா கோதுமைக்கட்டு யாரு தருவா, நீயா?"

அந்த மூன்று கோடையும் நான் தூங்கிய தூக்கத்தை எண்ணிவிடலாம். மலைமுகட்டில் கைக்குட்டை அளவு மேகம் தெரிந்தாலும் கையில் இருப்பது நழுவும். இடி இடித்தால் ஓடிப்போய்க் கோபுரத்தடியில் நிற்பேன். மணிச்சத்தம் நின்றால் நெஞ்சு நின்றுவிடும், அவன் படியிறங்கி வருகிற சத்தம் கேட்கிறவரைக்கும்.

பதின்மூன்றாம் லூயி ராஜா செத்த வருஷம், ஆகஸ்டில் பர்த்தலமேயு திருநாளுக்கு மறுநாள் மத்தியானம் அந்த மேகம் வந்தது. பச்சையும் கறுப்புமாக, அடிவயிறு தொங்கிப்போன மேகம். திராட்சை அறுக்க இன்னும் இரண்டு வாரம். வயலில் இருந்தவர்கள் கத்திக்கொண்டே வீட்டைப் பார்த்து ஓடினார்கள். நான் கோபுரத்தடிக்கு ஓடினேன். கோபுரக் கதவுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு சாமி படியில் உட்கார்ந்திருந்தார். சாவி அவர் கையில் இருந்தது. கோயிலுக்குள் மாட்டியிருந்ததை முன்கூட்டியே எடுத்து வைத்திருக்கிறார். எல்செயார் எதிரில் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"சாவியைக் குடுங்க சாமி! முகட்டுக்கு வந்திருச்சு!"

"வந்தா வரட்டும்."

"ஊரே என்னைக் கொன்னுடும்!"

"ஊர் கொல்ல வந்தா நான் நடுவுல நிப்பேன் எல்செயார். மேலேருந்து வர்றதுக்கு நடுவுல என்னால நிக்க முடியாது."

சாவியை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். இதற்காகத்தான் மூன்று வருஷம் அவர் உயிரை வாங்கினேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்த மேகத்தைப் பார்த்ததும் எனக்கே 'அடித்துத் தொலைக்கட்டும்' என்று தோன்றிவிட்டது. எங்களுக்கும் நாலு வரிசைத் திராட்சை இருந்தது. எல்செயார் என் முகத்தைப் பார்த்தான். நான் குனிந்துகொண்டேன்.

அப்போது ஆற்றுக்கு அக்கரையில் பெய்ராக் ஊரின் மணி கேட்டது. அவர்களிடம் இரண்டு மணி. இரண்டையும் போட்டு அடித்தார்கள். காற்று அந்தச் சத்தத்தை வாரிக்கொண்டு வந்து எங்கள் தெருவில் கொட்டியது. கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலில் இருந்த எங்கள் ஜனங்கள் அது மதலேன் என்றே நினைத்துக்கொண்டார்கள். அதனால் யாரும் கோபுரத்துக்கு ஓடிவரவில்லை.

மேகம் எங்கள் தலைக்குமேல் தயங்கியது. பாக்கு அளவில் நாலைந்து கல் விழுந்தது. பிறகு அது அப்படியே ஆற்றைத் தாண்டிப் போய்விட்டது. அரைமணி கழித்துப் பார்த்தால் பெய்ராக் மலைச்சரிவு பனிக்காலம் மாதிரி வெள்ளையாகக் கிடந்தது. கடைசிவரைக்கும் அங்கே மணியடித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

சாமி எழுந்து சாவியை எல்செயாரிடம் கொடுத்தார். "சாயங்கால ஜெபத்துக்கு அடி," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் பங்குவீட்டுக்கு ஒரு பன்றித்தொடை, இரண்டு கூடை பாதாம், ஒரு பீப்பாய் ஒயின் வந்து சேர்ந்தன. பூசையில் நிற்க இடமில்லை. சாமி பிரசங்க மேடையில் ஏறி, கைப்பிடிக் கட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"அன்னைக்கு நம்ம மணி அடிக்கல. நீங்க கேட்டது பெய்ராக் மணி. சாவி என்கிட்ட இருந்துச்சு. அடிச்ச ஊர்ல ஆலங்கட்டி விழுந்தது, அடிக்காத ஊர்ல விழல. இதை நீங்க யோசிக்கணும்."

ஊர்த்தலைவர் சொவேர் முன்வரிசையில் எழுந்து நின்றார். அவருடைய அம்மாதான் மணிக்கு ஞானத்தாய். இப்போது சாமியைத் தூக்கி வெளியே போடச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"அப்போ மணியே வேணாம்னு ஆகிப்போச்சு!" என்று கத்தினார் சொவேர். "நம்ம சாமி ஒரு பார்வை பார்த்தாரு, மேகம் வாலைச் சுருட்டிக்கிட்டுப் பெய்ராக்குக்கு ஓடிருச்சு! வேணும் அவனுகளுக்கு. நம்ம வாய்க்காத் தண்ணியத் திருடின பயலுக!"

கோயில் சிரிப்பில் அதிர்ந்தது.

"இல்ல," என்றார் சாமி. "நான் ஒண்ணும் பண்ணல. யாருமே ஒண்ணும் பண்ணல. அதைத்தான் நான் சொல்றேன்."

"அடக்கத்தைப் பாருங்களேன்!" என்றாள் என் பின்னால் ஒருத்தி.

செருப்புகூட எறியாமல் மேகத்தை அனுப்பிவைத்த சாமி! அடுத்த சந்தையிலேயே எங்கள் ஆண்பிள்ளைகள் இதைப் பெய்ராக்காரர்களின் முகத்துக்கு நேரே சொல்லிச் சிரித்துவிட்டு வந்தார்கள். முட்டாள்கள். நாக்கை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத முட்டாள்கள். திராட்சை முழுவதையும் பறிகொடுத்த ஒரு ஊரிடம் போய், உங்களுக்கு ஆலங்கட்டியை அனுப்பியது எங்கள் சாமி என்று சொன்னால் அவர்கள் என்ன செய்வார்கள்? மேற்றிராணியாரிடம் போனார்கள். ருபியோன் சாமியார் சூனியக்காரர் என்று எழுதிக்கொடுத்தார்கள்.

எனக்குக் கல்யாணமான புதிதில் ஏக்ஸில் ஒரு சாமியாரைச் சூனியக்காரர் என்று சொல்லி எரித்தார்கள். என் புருஷன் சந்தைக்குப் போனவர் அதைப் பார்த்துவிட்டு வந்து மூன்று நாள் இறைச்சி தொடவில்லை. இப்போது ஒவ்வொரு குதிரைச் சத்தத்துக்கும் சாமியைவிட நான்தான் அதிகமாக வெளுத்தேன். சாமியோ கொஞ்சம் நிதானமாகிவிட்டது போலிருந்தார். அதுவே எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது.

நவம்பரில், எல்லாப் பரிசுத்தவான்கள் திருநாள் கழிந்த வாரம் விசாரணைக்காரர் வந்தார், கூடவே எழுத ஒரு ஆள். மேற்றிராணியாரின் ஆள் என்றதும் கொம்பு முளைத்தவராக இருப்பார் என்று நினைத்திருந்தேன். இருமலும் சளியுமாக ஒரு களைத்த மனுஷர். என் சமையலறையில் அடுப்புப் பக்கமாக உட்கார்ந்துகொண்டு கதவைச் சாத்தச் சொன்னார். சாமியை அவர் முகம் சுளிக்காமல்தான் நடத்தினார். என்னைக் கூப்பிட்டு சுவிசேஷப் புத்தகத்தின்மேல் கைவைக்கச் சொன்னார்.

"அன்னைக்கு இந்த ஊர்க் கோயில் மணியை வழக்கப்படி அடிச்சாங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. அடிச்சாங்கன்னா அது வெறும் மழை. எழுதி மூடிட்டு நான் போயிருவேன்."

யோசிக்க என்ன இருக்கிறது? அடித்தது என்றால் சாமி பிழைத்தார், ஆனால் அவர் கோபுரத்தடியில் உட்கார்ந்ததெல்லாம் ஒன்றுமில்லாமல் போகும், தம்பி மறுபடி ஏறுவான். அடிக்கவில்லை என்றால் தம்பிக்கு ஒருவேளை விடிவு, ஆனால் சாமிக்கு ஏக்ஸ். இரண்டு நாளாக இதைத்தான் மாவோடு சேர்த்துப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"அடிச்சுது ஐயா," என்றேன். "நான் காதால கேட்டேன்."

எழுதுகிறவன் பேனாவை மையில் தொட்டான். சாமி எழுந்தார்.

"இந்தம்மா எனக்காகப் பொய் சொல்றாங்க. இவங்களை ஒண்ணும் பண்ணாதீங்க. மணி அடிக்கல."

விசாரணைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். "உமக்குப் பைத்தியமா? தப்பிக்க ஒரு கதவைத் திறந்துவிட்டேன். நீரே சாத்துறீர்."

"ஒரு தடவை திறந்த கதவு வழியாப் போயிட்டேன் ஐயா. அன்னைக்குக் கையெழுத்துப் போட்டதிலேருந்து இந்தக் கை என் கை மாதிரியே இல்ல." சொல்லிவிட்டு நோட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். பதினோரு வருஷ மேகம். இருபத்திரண்டு ஊர். விசாரணைக்காரர் புரட்டினார். சூனியம் எதுவும் இல்லை என்று அவருக்கே தெரிந்திருக்கவேண்டும், முகம் அப்படித்தான் இருந்தது. ஆனாலும் நோட்டை மூடித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்த சாட்சியாக எல்செயாரைக் கூப்பிட்டார்கள். கதவுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். உள்ளே வந்தவன் விசாரணைக்காரரைப் பார்க்கவே இல்லை.

"எத்தனை பேருன்னு சொன்னீங்க சாமி?"

"பதிமூணு."

எல்செயார் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து மேசைமேல் வைத்தான். "நான் இனிமே ஏறமாட்டேன். எனக்காக ஒருத்தரு இவ்வளவு தூரம் போறாருன்னா அதுல ஏதோ இருக்கு."

சாமி எரிக்கப்படவில்லை. மந்திரித்த மணியை மதிக்காததற்காகப் பங்கைப் பிடுங்கிக்கொண்டு, ஏக்ஸுக்கு அப்பால் ஒரு மடத்தில் அடைத்தார்கள். எழுதக்கூடாது என்று உத்தரவு. கிளம்பும்போது அழுகையும் கோபமுமாக, "நான் சொன்ன பொய்யை வாங்கிக்கிட்டா என்ன கேடு உங்களுக்கு?" என்று கத்தினேன். "நீதானேம்மா கோழைன்னு சொன்ன," என்று சிரித்தார். நாலாவது குளிர்காலத்தில் அங்கேயே இறந்தார் என்று கழுதைக்காரன் வந்து சொன்னான்.

என் தம்பி தப்பித்தான். ஊரிடம் என்ன சொல்வது? முழங்கால் வலி, இனிப் படியேற முடியாது என்று நான்தான் சொல்லிவைத்தேன். சமையலறைக்குள் பேசியது வெளியே யாருக்கும் தெரியாது. அவன் ஆடு மேய்க்கப் போனான். புதுச் சாமி வந்தார், செருப்பு நன்றாக எறிவார். மணிக்குக் கஸ்பார் என்ற கொத்தனாரை வைத்தார்கள். முப்பது வயசு, நல்ல தோள், வீட்டில் துவானெத் என்று ஒரு மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கஸ்பார் எனக்கு வணக்கம் சொல்வான், நானும் சொல்வேன். சாமியை மூன்று வருஷம் பிடுங்கியெடுத்த வாய் இது. அவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அது ஊருக்குத் தெரியும், ஊர் என் தம்பியிடம் வரும், அப்புறம் இன்னொரு விசாரணைக்காரர் வருவார். அடுத்த வாரம் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன்.

மூன்றாவது கோடையில், ஜூலை மாசத்து மத்தியானம் ஒன்றில் மணி பாதியில் நின்றது. படியிறங்கும் சத்தம் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்து எல்லோரும் போனபிறகு துவானெத் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்:

"உங்க தம்பி ஏன்க்கா மணியை விட்டாரு? முழங்கால் வலின்னு சொன்னாங்களே, அதானா?"

"ஆமாம்மா," என்றேன். "முழங்கால் வலிதான்."

"நல்லவேளை, அவராவது தப்பிச்சாரே," என்று சொல்லி, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.